நல்லான்குளத்துக்கு ஓர் அழைப்பு

பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, கீழே வைத்துவிடாதீர்கள். கனமொன்றும் இல்லை. கல்யாணப் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும்தான், ஆனால் கால் படுகிற இடத்தில் வைக்கக் கூடாது. என் மகள் கல்யாணம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவேன், எனக்கென்ன. ஞாயிற்றுக்கிழமை என்றுதான் பெயர், சாத்தூர் முழுக்க இந்த ஒரு பஸ்ஸுக்குள் ஏறியிருக்கிறது.

நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? நல்லான்குளமா. ஆடு பிடிக்கவா. நல்லதாகப் போயிற்று, நானும் அங்கேதான். கடைசி வரைக்கும் பை உங்களிடமே இருக்கட்டும்.

அங்கே யாருக்குப் பத்திரிகை என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன். சங்கரேஸ்வரி என்று ஒருத்தி. பேப்பரில் படம் போட்டிருந்தானே, இரண்டு கையிலும் கட்டோடு. பட்டாசு ஆலையில் வெடி வெடித்தபோது பிள்ளைகளை வெளியே இழுத்துப் போட்ட வீரப்பெண் என்று. அவளேதான். என் தம்பி பெண்டாட்டி. அந்த வெடியில் செத்துப்போன என் தம்பி வெயில்முத்துவின் பெண்டாட்டி.

வீரப்பெண். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குச் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கிறது.

நான் யோசிக்காமல் பேசுகிறவன் இல்லை அண்ணாச்சி. எனக்கு வேலையே யோசிப்பதுதான். படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி என்னை நானே கேட்பேன்: என்னடா இது, ஒரு பொம்பளையை இந்த வயதில் இப்படிக் கரித்துக்கொட்டுகிறாயே, ஒருவேளை கோளாறு உன்னிடம்தானோ? நன்றாகத் தோண்டித் துருவிப் பார்ப்பேன். பார்த்தால் என்னிடம் ஒன்றும் இருக்காது. எல்லாம் அவளிடம்தான்.

அன்றைக்கு நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

தம்பிக்கு மருந்து அறையில் வேலை. மருந்து என்றால் வெடிக்குள் போகிற கலவை. அந்த அறை ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் நாலு கதவு இருக்க வேண்டும், நாலும் திறந்திருக்க வேண்டும். அது சட்டம். பொறி தட்டினால் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறானோ அந்தப் பக்கமாகவே வெளியே பாய்ந்துவிடலாம். தீபாவளி நெருங்குகிற நேரத்தில் சட்டத்தை யார் பார்க்கிறான். முடித்த சரக்கை வைக்க இடம் கிடையாது, மூன்று கதவை மறித்துப் பெட்டி பெட்டியாக அடுக்கிவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து மழை இருட்டிக்கொண்டு வந்தது. சாரல் அடித்து மருந்து நமத்துவிடக் கூடாதென்று மிச்சமிருந்த ஒரு கதவையும் உள்ளே இருந்தவர்களே சாத்திக்கொண்டார்கள். ஈரக் காற்று பட்டாலே மருந்து தானாகச் சூடேறும், மழை வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். தெரிந்துதான் சாத்தினார்கள். சரக்கு கெட்டுவிட்டால் போர்மேனின் வாயில் விழ வேண்டுமே, அந்தப் பயம். உயிர் போகும் என்ற பயத்தைவிட ஏச்சுக்குப் பயம். எங்கள் ஆட்கள் அப்படித்தான்.

இவளுக்கு வேலை திரி வெட்டுகிற கொட்டகையில், கொஞ்சம் தள்ளி. வெடித்ததும் எல்லாப் பெண்களும் வேலியைப் பார்த்து ஓடினார்கள். புத்தியுள்ளவள் ஓடுவாள். இவள் எரிகிற பக்கம் ஓடினாள். சரி, புருஷனைத் தேடி ஓடினாள் என்றால் நானே கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். புருஷன் இருந்த அறையைத் தாண்டிப் பக்கத்து அறைக்குப் போனாள் அண்ணாச்சி. அங்கே கதவை மறித்திருந்த பெட்டிகளைத் தீப்பிடிக்கப் பிடிக்க இழுத்துப் போட்டு, உள்ளே மாட்டிக்கொண்டிருந்த யார் வீட்டுப் பிள்ளைகளையோ வெளியே தள்ளியிருக்கிறாள். கை இரண்டும் வெந்தது அதில்தான்.

நான் அவளிடம் நேராகவே கேட்டேன்.

"ஏன் தாயி, உன் புருஷன் அந்த ரூமுக்குள்ள கிடக்கும்போது ஊரான் பிள்ளைக கண்ணுக்குத் தெரிஞ்சதா?"

"அந்த ரூமுக்குக் கூரையே இல்ல அத்தான். பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. இந்தப் பக்கம் சத்தம் கேட்டுச்சு. சத்தம் கேட்ட பக்கம் போனேன்."

இவ்வளவுதான் பதில். கணக்கு வாத்தியார் கணக்குச் சொல்கிற மாதிரி. ஒரு விம்மல், ஒரு தடுமாற்றம், ஒன்றும் கிடையாது. என்ன நெஞ்சு அது? கூரை இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தால் அதே இடத்தில் விழுந்திருப்பேன். விழுந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், கடையில் எனக்குச் செய்தி வந்ததும் அப்படித்தான் விழுந்தேன். எனக்குப் பலசரக்குக் கடை. துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன், தராசோடு சாய்ந்துவிட்டேன்.

பஞ்சர் கடை நிறுத்தமா இது. ஆள் இறங்குகிறார்கள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் உட்கார்ந்துகொள்கிறேன். பை இருக்கட்டும், உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். பிணவறைக்கு முன்னால் எல்லாக் குடும்பமும் நின்றது. உள்ளே ஒரே வரிசையாகப் போட்டிருக்கிறார்கள், எது யார் என்று தெரியவில்லை, வீட்டுக்கு ஒருவர் வந்து அடையாளம் சொல்லுங்கள் என்று ஒரு ஆள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறான். மூத்தவன் நான். நான்தான் போயிருக்க வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்றைக்கென்று பிரஷர் ஏறிக்கொண்டது. கண்ணை இருட்டியது. வாசலுக்கு எதிரில் ஒரு வேப்பமரம் நின்றது, அதைப் பிடித்துக்கொண்டேன். தீக்காயக்காரர்கள் படுத்திருந்த வார்டிலிருந்து இவள் எழுந்து வந்தாள். இரண்டு கையும் துணிப்பந்து மாதிரி. என் மகள் இந்துமதி அவள் முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறாள்.

"அத்தான், நீங்க அங்கனயே நில்லுங்க. நான் பாத்துட்டு வாரேன்."

என்னைப் பார்த்துச் சொல்கிறாள். அத்தனை பேர் முன்னால். ஒரு ஆம்பிளையை நீ அங்கேயே நில் என்று. அந்த அவமானத்தில் எனக்கு இன்னும் கொஞ்சம் பிரஷர் ஏறியது.

உள்ளே போனாள், வந்தாள். "இடது காலு சுண்டுவிரல் மேல ஏறியிருக்கு. அவருதான்" என்றாள். அந்த விரல், அண்ணாச்சி, சின்ன வயதில் என் சைக்கிள் செயினில் மாட்டியது. நான் மிதித்தேன், அவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். அதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? இவள் நேற்று வந்தவள், அவளுக்கு விரல் எப்படி வளைந்தது என்று தெரியுமா?

அதோடு விட்டாளா. மற்ற வீட்டு ஆண்கள் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டு, "தாயி, எங்காளையும் பாத்துச் சொல்லிரு" என்று கும்பிடுகிறார்கள். இவளும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போகிறாள், வருகிறாள். "லிங்கம் அண்ணன் கடைசியில இருக்காரு. முருகாயி மகன் சன்னல் பக்கம். முகத்தைப் பாக்காதீக, காலை மட்டும் பாருங்க" என்று ஒவ்வொருவருக்கும் சொல்கிறாள். பந்தியில் யாருக்கு எந்த இலை என்று சொல்கிற மாதிரி. எல்லாம் முடிந்ததும் வெளியே வந்து குழாயடியில் காலைக் கழுவிவிட்டு இந்துமதியிடம் என்ன கேட்டாள் தெரியுமா?

டீ கேட்டாள்.

புருஷன் உள்ளே கிடக்கிறான், இவள் டீ குடித்தாள். கையில் கட்டு என்பதால் என் மகள் டம்ளரைப் பிடித்து ஊதி ஊதி ஊட்டினாள். நான் வேப்பமரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கே என் மகளை அவள் வளைத்துவிட்டாள். அது எனக்கு அப்போது தெரியாமல் போயிற்று.

பதினாறாம் நாள் கூத்தைக் கேளுங்கள். எங்கள் வழக்கம், அன்றைக்குக் கட்டினவளுக்கு வளையலை உடைப்பார்கள். எங்கள் ஒன்றுவிட்ட அத்தை சீனியம்மாள்தான் அதற்கெல்லாம் முன்னால் நிற்கிறவள். உறவு முறையெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. "கையை நீட்டுடி" என்றாள் அத்தை. நீட்டினாள். வெறும் கை. முழங்கை வரைக்கும் துணிதான் சுற்றியிருக்கிறது.

"வளையல் எங்கடி?"

"மருந்து வேலைக்குப் போறவ வளையல் போடக் கூடாது அத்தை. காலையில கழட்டி டப்பாவுல வச்சுட்டுத்தான் தினமும் போவேன். சாயங்காலம் வந்து மாட்டிக்கிருவேன்."

"அப்ப அந்த டப்பாவை எடுத்துட்டு வா."

"எதுக்கு? தினமும் நானே கழட்டி வச்சதுதானே. கை ஆறட்டும், மாட்டிக்கிறேன்."

அத்தையின் கை, அறுபது வளையல் உடைத்த கை அது, என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கிறது. பின்னாலிருந்து யாரோ ஒரு கிறுக்குப்பயல் "அதுவும் சரிதான்" என்றான். இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் தம்பியின் பதினாறாம் நாளில் சிரிப்புச் சத்தம் கேட்டது அண்ணாச்சி. நான் எழுந்தேன். எனக்கு வருகிற கோபம் சாமானியக் கோபம் இல்லை.

"இனிமே என் வீட்டு நல்லது ஒண்ணுலயும் உன் நிழல் படக் கூடாது. சபையில வச்சுச் சொல்றேன்."

அழுவாள், காலில் விழுவாள், பெரியவர்கள் எடுத்துச் சொல்வார்கள், நானும் போனால் போகிறதென்று இறங்கி வரலாம் என்றுதான் நினைத்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"சரி அத்தான். இலை போட்டாச்சு, சாப்பிட வாங்க."

எப்படி இருக்கிறது. அப்படியே திரும்பிப் போய்ச் சாம்பார் வாளியை யார் தூக்குவது என்று பார்க்கிறாள். மொத்தக் கூட்டமும் அவள் பின்னாலேயே பந்திக்குப் போய்விட்டது. நான் மட்டும் எழுந்தது எழுந்தபடி நிற்கிறேன். பசி வேறு.

அதற்குப் பிறகு அவள் நல்லான்குளத்துக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். ஆலைக்குப் பக்கம். ஆமாம், அதே ஆலைதான். பூட்டி சீல் வைத்ததைத் திறந்ததும் முதல் ஆளாக வேலைக்குப் போய் நின்றிருக்கிறாள். புருஷனைத் தின்ற இடம். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் நான் ஏறினதே இல்லை, இன்றைக்குத்தான் ஏறியிருக்கிறேன். அவள் தினமும் சோற்றைக் கட்டிக்கொண்டு அங்கே போகிறாள்.

போனவள் சும்மா வேலை செய்தாளா, அதுவும் இல்லை. காலையில் முதல் காரியமாக ஒவ்வொரு அறையாகப் போய் நாலு கதவையும் திறந்துவிட வேண்டுமாம். கதவுக்கு முன்னால் பெட்டி நின்றால் காலாலேயே தள்ளிவிடுவாளாம். எல்லாக் கதவும் திறந்த பிறகுதான் உட்காருவாள். அவள் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்களும் உட்காருகிறார்களாம். மழை தூறினால் எல்லாரையும் வெளியே கூப்பிட்டு நனையவிட்டு நிற்கிறாளாம், மருந்து போனால் போகிறதென்று. போர்மேன் கத்தியிருக்கிறான். "அப்ப நீங்க உள்ள உக்காருங்க சார், நான் கதவைச் சாத்துறேன்" என்றாளாம். அன்றையிலிருந்து அவன் அந்தப் பக்கமே வருவதில்லை என்கிறார்கள். பெரிய இன்ஸ்பெக்டர் மாதிரி நினைப்பு. வெட்டிக் கொடுக்கிற திரிக்கு இவ்வளவு அதிகாரம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா. வீட்டில் பேச்சு காதில் விழும். என் வீட்டுக்காரி பேச்சியம்மாள் இப்போது காலையில் வேனில் போய்விட்டுச் சாயங்காலம்தான் வருகிறாள். கையெல்லாம் வெள்ளியாக மினுங்கும். சோப்புப் போட்டாலும் போகாது, வெடி மருந்தில் கலக்கிற அந்த அலுமினியத் தூள். எங்கே போகிறாய் என்று நான் கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. வீடு எப்படியோ நடக்கிறது.

கடையா? கடையை நான் அன்றையோடு சாத்தினதுதான். ஒரு பலகைகூடத் திறக்கவில்லை. மூன்று தீபாவளி போய்விட்டது. பருப்பெல்லாம் வண்டு விழுந்து மாவாகிவிட்டது என்று நாற்றம் வருகிறது, வரட்டும். துக்கம் என்றால் அதுதான் அண்ணாச்சி. தாடி வளர்த்தேன். ஆறு மாதம் கட்டிலை விட்டு எழவில்லை. ஒரு நல்லது கெட்டதுக்குப் போகவில்லை. என் தம்பிக்காக இவ்வளவு இழந்தவன் நான். வெயில்முத்துவின் அண்ணன் மாதிரி துக்கம் காக்க யாரால் முடியும் என்று ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்வதில்லை. நினைக்கிறார்கள்.

எனக்கு யாரும் சால்வை போட்டார்களா? அவளுக்குப் போட்டார்கள். மதுரையில் ஏதோ ஒரு மாதர் சங்கம். துணிச்சலுக்காம். மேடையில் ஏற்றி, இவ்வளவு பெரிய துயரத்துக்குப் பிறகும் நிமிர்ந்து நிற்கிறாரே என்று ஒருத்தி பேசியிருக்கிறாள். நிமிர்ந்து நிற்பது ஒரு பெரிய காரியமா? முதுகெலும்பு இருந்தால் எல்லாரும்தான் நிற்பார்கள். கண்ணாடிக் கேடயம் ஒன்று கொடுத்தார்கள், கையில் தூக்க முடியாத கனமாம். அதை என்ன செய்து வைத்திருக்கிறாள் தெரியுமா? அவள் வீட்டு வாசல் கதவு காற்றடித்தால் தானாகச் சாத்திக்கொள்ளுமாம். அதற்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள். பேச்சியம்மாள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மரியாதை தெரிந்தவள் செய்கிற வேலையா? எனக்குக் கொடுத்திருந்தால் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன்.

சரி, இப்படிப்பட்டவளுக்கு ஏன் பத்திரிகை தூக்கிக்கொண்டு போகிறாய் என்று கேட்பீர்கள். அங்கேதான் வருகிறேன்.

இந்துமதி நர்சு வேலைக்குப் படித்தவள். ராஜபாளையத்து மாப்பிள்ளை. எல்லாம் கூடி வந்து, மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து வந்த அன்றைக்குச் சொல்கிறாள்.

"மணவறை விளக்கைச் சித்திதான் ஏத்தணும்பா. இல்லன்னா நான் மணவறைக்கு வர மாட்டேன்."

"அவ எப்படிம்மா ஏத்துவா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுச்சுல்ல, அப்ப என்ன சொல்லுச்சு? நானும் அங்கதான்பா நின்னேன்."

எதற்கு எதை முடிச்சுப் போடுகிறாள் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கும் மணவறைக்கும் என்ன சம்பந்தம்? நானும் அதை நாள் கணக்கில் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு சம்பந்தமும் பிடிபடவில்லை. "சபையில வச்சுச் சொன்ன வாக்கும்மா அது" என்றேன். "சபையில வச்சே திரும்ப எடுத்துக்கோங்க. நீங்களே நேர்ல போகணும். மத்த வீட்டுக்கு எப்படிக் குங்குமம் நீட்டிக் கூப்பிடுவீங்களோ அப்படிக் கூப்பிடணும்" என்றாள். அவள் அம்மாவிடம் முறையிட்டேன். அவள் வெள்ளிக் கையோடு இலையைப் போட்டாள். எங்கள் வீட்டில் பேச்சுக்கு நடுவில் இலை விழுந்தால் அது தீர்ப்பு என்று அர்த்தம்.

மாப்பிள்ளை வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதோடு இந்தப் பேச்சு நின்றுவிடும் என்று ராஜபாளையத்துக்கே போனேன். சம்பந்தியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படி இப்படி ஒரு சங்கடம், தாலியில்லாதவள் விளக்கேற்ற வேண்டுமென்று பிள்ளை அடம்பிடிக்கிறது, நீங்கள்தான் வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன். அந்த அம்மாள் கண்ணை விரித்துக்கொண்டு, "பேப்பர்ல வந்தாங்களே, அவுங்களா? உங்க தம்பி சம்சாரமா? இதை ஏன் மொதல்லயே சொல்லல?" என்று வீட்டிலிருக்கிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்கிறாள். எனக்கு இரண்டாம் தடவை காப்பி வந்தது. பெண்ணின் அப்பன் என்பதற்காக வந்த காப்பி இல்லை அது. குடித்துவிட்டு வந்தேன்.

ஆக, இவள் வந்தால்தான் என் மகள் கழுத்தில் தாலி ஏறும் என்று ஆகிவிட்டது. இவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? சொல்லலாம். சபையில் வைத்து நிழல் படக் கூடாதென்று சொன்னவன் நான், என்னை வாசலிலேயே நிறுத்தி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பலாம். அவள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்வேன். அதை நினைத்தால்தான் காலையிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மண்டபத்தில் இந்துமதி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே மேளக்காரன் என் முகத்தைப் பார்க்கிற மாதிரியே கண்ணுக்குள் வருகிறது. செய்வாள் அண்ணாச்சி. டம்ளரைப் பிடித்த கை அது, விடாது.

குங்குமம்தான் எனக்கு இடிக்கிறது. பத்திரிகை கொடுக்கலாம். வெற்றிலை பாக்கு கொடுக்கலாம். அறுத்தவளிடம் போய்க் குங்குமச் சிமிழை எப்படி நீட்டுவது? எங்கள் வம்சத்தில் எவன் நீட்டியிருக்கிறான்? அவள் என்னவோ இன்னும் பொட்டு வைத்துக்கொண்டுதான் திரிகிறாளாம், அது அவள் திமிர். என் கையால் நீட்டினால் நான் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா? என்னத்தை ஒத்துக்கொண்ட மாதிரி என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியவில்லை. காலையில் பேச்சியம்மாள் சிமிழைப் பைக்குள் வைத்தாள். புறப்படுவதற்கு முன்னால் நான் அதை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டுச் செருப்பு மாட்டப் போனேன். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிப் பைக்குள் கை விட்டால், சிமிழ் உள்ளே கிடக்கிறது. எந்தக் கையின் வேலை என்று தெரியவில்லை. வீட்டில் இருப்பது இரண்டு கை. ஒன்று வெள்ளிக் கை, ஒன்று மருதாணிக் கை.

நல்லான்குளம் வந்துவிட்டது. பார்த்து இறங்குங்கள். பையைக் கொடுக்க வேண்டாம், நீங்களே வைத்திருங்கள். ஒரு நிமிஷம் அண்ணாச்சி, ஒரு நிமிஷம் இப்படி இந்த மரத்தடிக்கு வாருங்கள்.

அந்த நீலச் சுவர் வீடுதான். ஆட்டுக்காரன் வீட்டுக்கு அந்த வழியாகத்தானே போக வேண்டும் உங்களுக்கு. ஒரு சின்ன உதவி. இந்தப் பையை நீங்களே கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிடுங்கள். மூத்தவர் அனுப்பினார், கல்யாணத்துக்குக் கட்டாயம் வரச் சொன்னார் என்று சொல்லுங்கள். குங்குமத்தையும் நீங்களே நீட்டிவிட்டால் தீர்ந்தது, நீங்கள் வெளியாள், உங்களுக்கென்ன வழக்கம் வேண்டிக்கிடக்கிறது. தட்டக்கூட வேண்டாம். கதவு திறந்துதான் கிடக்கும், அவள் எந்தக் கதவைச் சாத்தினாள். நான் இங்கேயே நிற்கிறேன். இந்த வெயிலில் நடந்தால் எனக்குப் பிரஷர் ஏறிவிடும்.

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்?

இது வேப்பமரமாக இருந்தால் என்ன அண்ணாச்சி. இந்தப் பக்கம் வேறென்ன மரம் இருக்கிறது.

அய்யோ, வெளியே வந்துவிட்டாள். பார்த்துவிட்டாள். அதோ, வாளியைக் கீழே வைக்கிறாள் பாருங்கள், அவள்தான். இந்தப் பக்கமே பார்க்கிறாள். என்னமோ சொல்கிறாள்.

"அத்தான், வெயில்ல வராதீக. நீங்க அங்கனயே நில்லுங்க, நானே வாரேன்."

கேட்டீர்களா. கேட்டீர்களா திமிரை. இன்றைக்கும் அதே வார்த்தை. மூன்று வருஷத்துக்குப் பிறகு வாசலுக்கு வந்திருக்கிற மூத்தவனை அங்கேயே நில் என்கிறாள். ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கிறாளா பாருங்கள். ஒரு கோபம் கூடவா இருக்காது மனுஷிக்கு. செருப்புக்கூடப் போடாமல் ரோட்டைத் தாண்டி வருகிறாள். கையில் வளையல் கிடக்கிறது, சிவப்புக் கண்ணாடி வளையல், வெந்த தோலுக்கு மேலே.

பையைக் கொடுங்கள். கொடுங்கள் சீக்கிரம். பத்திரிகை மேலே இருக்கிறது, வெற்றிலை வாடவில்லை. சிமிழ் எங்கே, இதோ. இந்த மூடி ஏன் இப்படி இறுகிக் கிடக்கிறது. கை வழுக்குகிறது அண்ணாச்சி, வேர்வை, வேறொன்றுமில்லை, பிரஷருக்கு இப்படித்தான் வேர்க்கும்.

வந்துவிட்டாள். நீங்கள் பிடியுங்கள். கொஞ்சம் திறந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.